அறுபத்தாறாம் நாள் படம்

ஆகஸ்ட் 11

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்தால் மூன்றாவது நிமிஷம் சண்டையில் போய் நிற்கிறோம். அதனால் போன் குட்டிக்கு மட்டும், நமக்குள் பேச வேண்டியதை எழுதிக்கொள்வோம் என்று ஸ்டேஷனில் சொன்னீர்கள். அதன்படி இது முதல் கடிதம்.

ஹாஸ்டல் அறை சின்னது. இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். வகுப்பில் எல்லோருக்கும் இருபது இருபத்தொன்று வயது. முப்பத்தாறு வயதில் நோட்டும் பேனாவுமாக நான் போய் உட்கார்ந்ததும் முதல் நாள் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் என்று நினைத்துக்கொண்டார்களாம். இப்போது எல்லோருக்கும் நான் அக்கா.

எலும்பு வார்டில் பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கால் எடுத்தவர்களைத் தள்ளுநாற்காலியில் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே வாசலுக்கு அந்தப் பக்கம் நடப்பதை, செயற்கைக் கால் செய்து பொருத்தி நடக்கவைப்பதைச் சொல்லித் தருகிறார்கள். ஒரு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

குட்டிக்கு ஒரு செய்தி. எங்கள் நூலகர் ஒரு சவால் விட்டிருக்கிறார். நூறு நாள், நாளுக்கு ஒரு படம் எடுத்து நூலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது, பழைய படத்தை ஒட்டக் கூடாது. படிக்கிற பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவையாவது சுற்றிப் பார்க்கட்டும் என்கிறார். ஐந்தாம் தேதியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போட்டு, பின்பக்கம் நம்பர் எழுதி அனுப்புகிறேன். அம்மா இருக்கிற இடத்தை அவள் நாள் தவறாமல் பார்க்கலாம். முதல் படம் எங்கள் பட்டறை அலமாரி. மேல்தட்டு முழுக்க இடது பாதங்கள், கீழ்த்தட்டில் வலது.

உங்கள் பிரியமுள்ள,
குட்டியின் அம்மா


ஆகஸ்ட் 18

அன்புள்ள காலேஜ்காரிக்கு,

கடிதமும் ஏழு படங்களும் வந்தன. குட்டி சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் கதவு ஓரத்திலிருந்து வரிசையாக ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா செருப்புக் கடையிலயா வேலை பாக்குது?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திருத்தவேண்டியது உன் பொறுப்பு.

இங்கே எல்லாம் ஓடுகிறது. காலையில் தலை பின்ன எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. பின்னிய பிறகு அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. பார்த்தால் அழுவாள் என்று அவளுக்கே தெரியும். பள்ளி விட்டதும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பக்கத்துத் தெருவில் அக்கா இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். இருந்தாலும் அக்கா தினமும் ஒரு தடவை, "இந்த வயசுல படிப்பு கேக்குதா அவளுக்கு" என்று சொல்லாமல் இருப்பதில்லை. நான் காதில் வாங்குவதில்லை.

ஆறாம் நாள் படம் நன்றாக இருக்கிறது. ஜன்னல், வெளியே மரம், ஜன்னல் கட்டையில் டீ டம்ளர். ஆனால் டம்ளர் இரண்டு இருக்கிறது. சும்மாதான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பதினாறு வருஷமாக அடிபட்ட வண்டிகளின் படத்தைப் பார்த்து, எது உண்மையான அடி, எது சுத்தியலால் தட்டிய அடி என்று பிரித்துச் சொல்லியே இன்சூரன்ஸ் கம்பெனியில் காலம் தள்ளுகிறேன். படத்தைக் கொடுத்தால் கண் தானாக ஓரத்துக்குத்தான் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இரண்டாவது டம்ளர் ஒல்லியுடையது. என்னோடு அறையில் இருப்பது ஒல்லிதான். ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும், அதனால் வகுப்பே அப்படிக் கூப்பிடுகிறது. டீ போடத் தெரியாது, குடிக்க மட்டும் தெரியும்.

வேலை கையை ஒடிக்கிறது. மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றி, இறுகுவதற்குள் வடிவம் பிடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் தவறினால் கல்லாகிவிடும். முதல் வாரம் நான் செய்த அச்சைப் பார்த்து வாத்தியார், "இது கால் மாதிரி இல்லம்மா, பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றார். நகக்கண்ணில் வெள்ளைப் பூச்சு போகவே மாட்டேன் என்கிறது. பத்தாம் நாள் படம் அதுதான், என் கை.

எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை வைத்திருக்கிறேன். பத்தொன்பதில் நானே இருக்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று குட்டி போனில் கேட்டாளே, அதற்காக. நீங்கள் தலை பின்னும்போது ஈரத்தலையில் பின்னாதீர்கள். காய்ந்த பிறகு மூன்றாகப் பிரித்தால் சிக்கல் குறையும். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
குட்டியின் அம்மா


செப்டம்பர் 3

அன்புள்ள காலேஜ்காரிக்கு,

படங்கள் வந்தன. குட்டி உன் முகம் இருக்கிற படத்தைச் சுவரில் ஒட்டாமல் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சில விஷயங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. ஒல்லி என்று எழுதியிருக்கிறாய். ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஹாஸ்டல் அறை என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், எனக்கும் புத்தி இருக்கிறது. ஆனால் அக்கா, "இப்பல்லாம் யார் கண்டா" என்றாள். அவள் கேட்டதற்காகக் கேட்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் படத்தில் நீ இருக்கிறாய் என்றால் எடுத்தது யார்? கேமரா உன் தலைக்கு மேலே இருந்து பார்க்கிறது. எடுத்த ஆள் உன்னைவிட உயரம்.

மூன்றாவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நான்கு நாள் என்று நம்பர் போட்டிருக்கிறாய். நான்கிலும் உன் செருப்பு வாரில் ஒரே இடத்தில் ஒரே அளவில் வெள்ளைத் துளி. நான்கிலும் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி, ஓரம் ஒரே மாதிரி உரிந்திருக்கிறது. வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் மூன்று மணி நேரம்கூட இருக்காது. நான்கும் ஒரே நாளில் எடுத்தவை. அப்படியானால் மீதி மூன்று நாள் நீ எங்கே இருந்தாய்?

வேறு ஆளாக இருந்தால் ரிப்போர்ட்டில் "நம்பத்தகுந்ததல்ல" என்று எழுதி முடித்திருப்பேன். நீ என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 12

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது. நான்கும் ஒரே நாளில் எடுத்ததுதான்.

முதல் பரீட்சையில் நான் தேறவில்லை. நரம்புகளும் தசைகளும் உள்ள பாடம். நர்ஸாக இருந்தவள் அதில் தேறவில்லை என்று போர்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிட்டார்கள். மூன்று நாள் வகுப்புக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வீட்டைவிட்டு, குழந்தையைவிட்டு, உங்களோடு மல்லுக்கு நின்று இதற்குத்தான் வந்தேனா என்று இருந்தது. நான்காம் நாள் ஒல்லி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, கேமராவ எடுங்க. நாலு நாளுக்கும் சேத்து இன்னைக்கே எடுத்துருவோம். நூலகர் கண்டுபிடிக்க மாட்டாரு." அவர் கண்டுபிடிக்கவில்லைதான். நானே போய்ச் சொல்லிவிட்டேன். அந்த மூன்று நாளைக்கும் பலகையில் காலி இடம் விட்டிருக்கிறார். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தோற்றதைக் கேட்டால், "அப்பவே சொன்னேனே" என்பீர்கள் என்று பயந்தேன்.

ஒல்லி பெண். இருபது வயது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றுகொண்டு எடுத்தாள். உயரத்துக்குக் காரணம் அதுதான்.

மறுபரீட்சையில் தேறிவிட்டேன். நீங்கள் என்னிடம் கேட்டிருக்கக் கூடிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தப் படத்தில் உன் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று. வார் தெரிந்திருக்கிறது, பிளாஸ்திரி தெரிந்திருக்கிறது.

இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை இதில் இருக்கிறது.

உங்கள்,
குட்டியின் அம்மா


செப்டம்பர் 20

அன்புள்ளவளுக்கு,

பரீட்சை விஷயம் படித்து வருத்தப்பட்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாம். "அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். சொல்லியிருப்பேன்தான். அது போகட்டும், தேறிவிட்டாய், சந்தோஷம்.

இனி எதுவும் கேட்கக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை. இருபத்தொன்பதாம் நாள், முப்பத்து மூன்று, முப்பத்தேழு. முதல் படத்தில் பட்டறை மேஜைமேல் ஒரு ஸ்டீல் கைக்கடிகாரம். இரண்டாவதில் டீக்கடை பெஞ்சில், உன் டம்ளருக்குப் பக்கத்தில் அதே கடிகாரம். மூன்றாவதில் உன் அறை மேஜையில், உன் நோட்டுமேல். பெரிய டயல், ஆண்கள் கட்டுவது. கண்ணாடியில் ஒரு கீறல், ஐந்துக்கு நேராக. மூன்றும் ஒன்றேதான்.

டீக்கடை பெஞ்சுக்கு வந்த கடிகாரம் உன் அறைக்கு எப்படி வந்தது?

அக்காவிடம் காட்டவில்லை. அவள் சுவரில் தானாகவே பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குட்டி முன்னால் அவள் உச்சுக் கொட்டியது எனக்குக் கேட்டது.

யாருடையது என்று ஒரு வரி எழுது. போதும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 2

குட்டியின் அப்பாவுக்கு,

எழுதப் போவதில்லை.

யாருடையது என்று ஒரு வரி எழுதினால், அவர் யார் என்று அடுத்த கடிதம் வரும். அவருக்கு என்ன வயது, ஏன் கழற்றினார், நீ ஏன் எடுத்தாய் என்று அதற்கடுத்த கடிதம் வரும். இரண்டு டம்ளருக்குப் பதில் சொன்னேன். ஒல்லிக்குப் பதில் சொன்னேன். செருப்பு வாருக்குப் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் உங்களுக்கு நிம்மதி இரண்டு நாள் தாங்குகிறது. நான் குட்டிக்கு அனுப்பியது படம். நீங்கள் அதை விபத்து நடந்த வண்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள்.

இப்போதெல்லாம் ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் மேஜையை ஒதுக்குகிறேன். யாராவது பக்கத்தில் நின்றால் தள்ளி நிற்கச் சொல்கிறேன். நேற்று நூலகர், "உங்க படத்துல கொஞ்ச நாளா ஆளே காணோமே" என்றார்.

முப்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை வைத்திருக்கிறேன். குட்டியிடம் கொடுங்கள். அடுத்த வாரம் எனக்குச் செய்முறைத் தேர்வு, ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு. வேலை தலைக்குமேல் இருக்கிறது.

குட்டியின் அம்மா


அக்டோபர் 10

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்தது. படங்களைக் குட்டியிடம் கொடுத்தேன்.

இரண்டு நாளாக நான் வீட்டில் இல்லை. லாரி ஒன்று பாலத்துக்குக் கீழே விழுந்துவிட்டது, அதைப் பார்க்க வெளியூர் போகவேண்டியிருந்தது. குட்டி அக்கா வீட்டில் இருந்தாள். நல்லபடியாக இருந்தாள்.

கடிகாரத்தைப் பற்றி இனி நான் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. யாருக்கு எது பிடித்திருக்கிறதோ அப்படி இருந்துகொள்ளலாம். நீ சந்தோஷமாக இருந்தால் சரி. இருக்கிறாய் என்றே நினைக்கிறேன்.

வேலை வேலை என்று வெயிலில் நின்று உனக்குத் தலைவலியை வரவழைத்துக்கொள்ளாதே. வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் எதிரே இருக்கிறதே, நீலப் போர்டு போட்ட மருந்துக்கடை, அதில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்.

தேர்வு எப்படி எழுதினாய் என்று குட்டி கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


அக்டோபர் 17

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இவ்வளவு மரியாதையாக நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை. அதனால்தான் நான்கு தடவை.

நீலப் போர்டு மருந்துக்கடை கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிறது. உண்மைதான். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் இதுவரை அனுப்பிய ஐம்பத்தெட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பட்டறை, ஹாஸ்டல், மரம், படி, டீக்கடை. டீக்கடை பின்வாசலில் இருக்கிறது. முன்வாசல் ரோட்டை நான் எடுத்ததில்லை. எடுத்தது ஒரே ஒரு தடவை, அறுபத்தாறாம் நாள், ஒன்பதாம் தேதி. அது இன்னும் என் மேஜையில்தான் இருந்தது.

அதை எடுத்துப் பார்த்தேன். பிறகு பிரிண்ட் போடும் கடைக்குப் போய்ப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். ஒல்லி தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இவரு உங்க டிரங்குப் பெட்டில ஒட்டி வச்சிருக்கீங்களே, அவரு மாதிரியே இருக்காரே" என்றாள்.

மருந்துக்கடை நிழலில் மூன்று பேர் நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் நீங்கள். தலையில் தொப்பி. உங்களுக்குத் தொப்பி பொருந்தாது. நான் எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை. வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரும்போது நிற்பீர்களே, அப்படி. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் பாருங்கள்.

லாரி பாலத்துக்குக் கீழே விழவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, அன்றைக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று நான் சொல்கிறேன். நீங்கள் நின்ற இடத்திலிருந்து சத்தம் கேட்டிருக்காது. உங்கள் மனைவி வெள்ளைக் கோட்டோடு கல்லூரி கேட்டிலிருந்து வெளியே வந்தாள். பேன்ட் சட்டை போட்ட ஒரு ஆண் அவள் தோளில் கை போட்டிருந்தார். அவள் அவர் இடுப்பைப் பிடித்திருந்தாள். இருவரும் மெதுவாக நடந்தார்கள். நடுவில் நின்று சிரித்தார்கள்.

அவர் பெயர் எங்களுக்கு டிரைவர் ஐயா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரைப் புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்குத் தேர்வுக்குக் கொடுத்த ஆள் அவர்தான். அளவு எடுத்து, அச்சு வார்த்து, தேய்த்து, பொருத்தி, அவர் காலை முழுக்க நான் செய்தேன். இரண்டு தடவை அது உரசிப் புண்ணாக்கியது, இரண்டு தடவையும் உடைத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். பட்டறைக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுவார். கம்பியில் கடிகாரம் உரசுகிறது என்று கழற்றி என்னிடம் கொடுப்பார். திருப்பி வாங்க மறந்துவிடுவார். அது என் கோட் பையில் டீக்கடைவரை, அறைவரை வந்துவிடும், மணி பார்க்க எடுத்து வைப்பேன். உங்கள் கடிகாரத்தின் கதை அவ்வளவுதான்.

ஒன்பதாம் தேதி அவரை முதல் தடவையாக ரோட்டில் நடக்கவைக்க வேண்டும். கேட்டிலிருந்து விளக்குக் கம்பம்வரை. வாத்தியார் கேட்டருகே நோட்டோடு நின்றார்.

"ஐயா, என் தோளப் பிடிச்சுக்குங்க. தரையப் பாக்காதீங்க, எதிர பாருங்க."

"முப்பது வருஷம் கியர் போட்ட கைம்மா. பிடிச்சா தோள்பட்டை கழண்டுரும், பரவாயில்லையா?"

"கழண்டா அதுக்கும் ஒண்ணு செஞ்சுக்குறேன். நடங்க."

அதற்குத்தான் சிரித்தோம். பத்தடி வந்ததும், "இப்ப செகண்ட் கியர்" என்றார். கம்பத்தடியில் நான் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நான்கடி பின்னால் வந்தேன். அவர் தனியாக நின்றார். எட்டு மாசத்துக்குப் பிறகு எதையும் பிடிக்காமல் ரோட்டில் நின்றார். அப்போது எடுத்ததுதான் அறுபத்தாறாம் நாள் படம். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நூலகர் சொன்னார்.

பதினொரு வருஷம் நான் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிய ஆட்களில் ஒருவர் அன்றைக்கு நடந்தார். என் வாழ்க்கையில் நான் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட நினைத்த காலை அது. நீங்கள் அங்கேயே இருந்திருக்கிறீர்கள். ஒரு ரோட்டின் அகலம்தான். ஏழு மணி நேரம் ரயிலில் வந்தவருக்கு அந்த ரோட்டைத் தாண்ட முடியவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன் என்று குட்டியிடம் சொல்லுங்கள்.

குட்டியின் அம்மா


அக்டோபர் 24

அன்புள்ளவளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

வந்தேன். லாரி எதுவும் விழவில்லை. உன் கடிதத்தில் ஒன்பதாம் தேதி, பத்து மணி என்று படித்தபோதே முடிவு செய்துவிட்டேன். தொப்பியை ஸ்டேஷனில் வாங்கினேன். ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை அங்கே நின்றேன். கடைக்காரர் சந்தேகப்பட்டு என்ன வேணும் என்று இரண்டு தடவை கேட்டார். தலைவலி மாத்திரை வாங்கினேன். எனக்கு உண்மையிலேயே தலைவலி இருந்தது.

உன்னைப் பார்த்தேன். அந்தக் கையைப் பார்த்தேன். நீ சிரித்ததைப் பார்த்தேன். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் போட்டேன். அதோடு என் கண் மூடிவிட்டது. அவர் காலை இழுத்து வைப்பதை நான் கவனிக்கவேயில்லை. மூன்று மணி நேர வெயிலை அளந்து சொன்னவனுக்கு, ஒருவர் நொண்டி நடப்பது தெரியவில்லை. உன் கேமரா என் பக்கம் திரும்பியதும் பயந்து நடையைக் கட்டினேன். ரயிலில் வரும்போது என் சந்தேகம் சரிதான் என்று ஒரு திருப்திகூட இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

உன் கடிதம் படித்து, அவர் வயதானவர், கால் இல்லாதவர் என்று தெரிந்ததும் நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது. என்னை மன்னித்துவிடு. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். இனி உன்னைப் பற்றி என் வீட்டில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள்.

இன்னொன்று நடந்தது. படத்தை நான் பீரோவில் ஃபைலுக்கு அடியில் வைத்திருந்தேன். உன் கையெழுத்துள்ள கவர் என்றால் குட்டி மோப்பம் பிடித்துவிடுகிறாள். பின்பக்கம் அறுபத்தாறு என்று பார்த்துவிட்டு, சுவரில் ஒட்ட எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு நீ ஓரத்தில் பார் என்று எழுத வேண்டியிருந்தது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது நீதானேப்பா?"

படத்தை வாங்கக் கையை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"நீ அம்மாவப் பாக்கப் போனியா? என்னை ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல?"

இரண்டு நாளாக என்னிடம் தலை பின்னிக்கொள்ள வருவதில்லை. அவளே முடிந்துகொண்டு போகிறாள்.

பள்ளி விடுமுறை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஆரம்பிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நேரே உன் பட்டறைக்கே வருகிறேன். டிரைவர் ஐயாவைப் பார்த்து ஒரு வணக்கம் வைக்கிறேன். சரி என்று மட்டும் எழுது.

என்றும் உன்,
வீட்டுக்காரன்


நவம்பர் 1

குட்டியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உண்மையை எழுதியிருக்கிறீர்கள். திருப்தி இருந்தது என்று எழுதியதைக்கூட நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எழுதாமலே விட்டிருக்கலாம், எழுதினீர்கள்.

ஆனால் ஒரு வரி என்னை விடமாட்டேன் என்கிறது. வயதானவர், கால் இல்லாதவர் என்று தெரிந்ததும் பாறை இறங்கியது என்று. டிரைவர் ஐயாவுக்கு இருபத்தெட்டு வயதாக இருந்திருந்தால்? அந்தப் பாறை எங்கே இருந்திருக்கும்? நீங்கள் என்னை நம்பியதால் அது இறங்கவில்லை. அவருடைய வயதை நம்பினீர்கள்.

எனக்கு அடுத்துக் கொடுத்திருக்கிற ஆளுக்கு முப்பத்தொரு வயது. மரம் அறுக்கிற மில்லில் காலைக் கொடுத்தவர். நாளைக்கு அவருக்கு அளவு எடுக்கிறேன். அவரும் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்கப்புறம் இன்னொருவர், அதற்கப்புறம் இன்னொருவர். இதுதான் இனி என் வேலை. ஒவ்வொருவருக்கும் வயது என்ன, எந்தக் கால் இல்லை என்று நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது. எழுதாமல் இருந்தாலும் நீங்கள் எந்தக் கடை நிழலில் நிற்கிறீர்களோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் அப்படித்தான் பார்த்தேன். தொப்பி போட்ட ஆள் ஒருவர் ரோட்டில் போனார், நான் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டேன்.

குட்டியை அனுப்புங்கள். ஐந்தாம் தேதி காலை ரயிலில் கூட்டி வாருங்கள், ஸ்டேஷனில் நான் நிற்பேன். வார்டனிடம் பத்து நாளைக்கு அனுமதி வாங்கிவிட்டேன். ஒல்லி தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகிறாள். நீங்கள் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுங்கள். பட்டறைக்கு வர வேண்டாம். டிரைவர் ஐயாவிடம் என்ன சொல்லி உங்களை அறிமுகப்படுத்துவேன்? அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஜூனில் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வரமாட்டேன் என்றும் எழுத வரவில்லை. அதுவரை எனக்கு எழுதாதீர்கள். குட்டியின் உடம்பு, பள்ளி, அவ்வளவுக்கும் போன் போதும்.

படங்கள் நூறுவரை எடுப்பேன். இனிப் பிரதி அனுப்புவதில்லை. மீதியைக் குட்டி இங்கே வந்து பலகையிலேயே பார்த்துக்கொள்வாள்.

அவளுடைய கம்பளிச் சட்டை மேல் அலமாரியில் வலது பக்கம் இருக்கிறது, அதை எடுத்து வையுங்கள். இங்கே காலையில் குளிர்கிறது. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்தால் அவளுக்கு வாந்தி வராது.

குட்டியின் அம்மா